வடசென்னை மொட்டைமாடியில் குட்டை எலுமிச்சை: கன்று வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்க

2022 ஏப்ரலில் ஒரே ஓர் எலுமிச்சம்பழம் பத்து ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கிறதா? ஜூஸ் கடைக்காரர்கள் லெமன் சோடாவையே மெனுவிலிருந்து எடுத்துவிட்ட கோடை அது. அதன் பிறகு ஒவ்வொரு வெயில் காலத்திலும் போனைத் திறந்தால் ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது: இடுப்பளவு உயரத்தில் ஒரு குட்டிச் செடி, அதில் முப்பது நாற்பது மஞ்சள் பழங்கள். 'தொட்டியிலேயே காய்க்கும் ட்வார்ஃப் லெமன், ஆறே மாதத்தில் பழம்.'

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று கடலோரமாகவே குடியிருப்பவர்கள் இதை வாங்கி வைத்தால், முதல் மழைக்காலத்தில் செடி ஜோராக வளரும். பிரச்சினை அடுத்த ஏப்ரல், மே மாதத்தில் ஆரம்பிக்கும். முதலில் இலை நுனி கருகும். பிறகு ஓரம் முழுக்கக் காய்ந்து, இலை கொட்டி, வெறும் முள்குச்சி நிற்கும். 'நமக்குக் கைராசி இல்ல', 'நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்' என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் நாம் தண்ணீர் ஊற்றும் வாளியில் இருக்கிறது.

குட்டை மரம் என்பது எப்படி உருவாகிறது?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் 'எலுமிச்சை' என்று சொல்லும் உருண்டையான, மெல்லிய தோல் பழம் ஆங்கிலத்தில் 'லைம்'. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும், இரு முனையும் கூம்பிய பெரிய மஞ்சள் பழம்தான் 'லெமன்'. அது வேறு இனம். அந்த வீடியோக்களில் அடிக்கடி வரும் 'மேயர் லெமன்' 1908-ல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஃப்ராங்க் மேயர் என்பவர் கொண்டுபோன செடி; குளிர் தாங்கும் என்பது அதன் பெருமை. திருவொற்றியூரில் அந்தப் பெருமையால் நமக்கு என்ன லாபம்?

ஒரு எலுமிச்சை மரம் குட்டையாக இருக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மரபிலேயே குட்டையான ரகம். இரண்டாவது, வேர்ச்செடி. அதாவது ஒட்டுக் கன்றில் மேலே இருப்பது ஒரு ரகம், கீழே வேராக இருப்பது வேறொன்று. கீழே இருப்பது மேலே இருப்பதன் உயரத்தைக் கட்டுப்படுத்தும். மூன்றாவது, தொட்டியும் கத்தரியும். வேர் பரவ இடமில்லை, கிளையை அவ்வப்போது வெட்டுகிறோம், மரம் ஐந்தடியோடு நின்றுவிடுகிறது.

வெளிநாட்டு நர்சரிகளில் 'ட்வார்ஃப்' என்று சொல்லி விற்கப்படுவதில் முக்கியமானது இரண்டாவது வழி. அதற்குப் பேர்போன வேர்ச்செடி 'ஃப்ளையிங் டிராகன்'. மூவிலை ஆரஞ்சு என்ற இனத்தில் கோணல்மாணலாக வளரும் ஒரு வகை. இதன் மேல் ஒட்டிய மரம் ஆறேழு அடிக்கு மேல் போக ரொம்பவே யோசிக்கும். தோட்டக்கலைப் புத்தகங்கள் புகழ்வது நியாயம்தான்.

ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல். எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்தின் வேர்ச்செடிகளில் உப்பைத் தாங்கும் சக்தி மிகக் குறைவாக உள்ளவற்றில் மூவிலை ஆரஞ்சும் ஒன்று. தண்ணீரில் உள்ள குளோரைடைத் தடுத்து நிறுத்தத் தெரியாமல் அப்படியே இலைக்கு அனுப்பிவிடும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கார மண்ணும் அதற்கு ஆகாது. வடசென்னை போர் தண்ணீரில் இந்த இரண்டுமே தாராளமாக இருக்கும். உலகமே கொண்டாடும் குட்டை வேர், நம்ம ஏரியாவுக்கு மட்டும் தப்பான வேர்.

போர் தண்ணீர் ஏன் இவ்வளவு உப்பு?

கடல் பக்கத்தில் இருப்பது மட்டும் காரணமில்லை. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களிலிருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டது. விவசாயமும் அதே நீரைத்தான் நம்பியிருந்தது. நல்ல தண்ணீர் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தைக் கடல்நீர் பிடித்தது. மீஞ்சூர்ப் பகுதியில் அது கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வந்திருக்கிறது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த சென்னைப் பெருநகரப் பகுதிக்கென்றே 1987-ல் தனிச் சட்டம் கொண்டுவரும் அளவுக்கு நிலைமை போனது. ஒரு தெருவில் போர் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கும், அடுத்த தெருவில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. அதனால் 'பக்கத்து வீட்டில் எலுமிச்சை நன்றாக வருகிறதே' என்பது ஒரு அத்தாட்சியே இல்லை. அவர்கள் ஊற்றுவது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை உங்கள் வாளியில் முக்கினால் ஓர் எண் வரும். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரைந்த உப்புகள் என்பதை அது ஏறத்தாழச் சொல்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட பாசன நீர் வழிகாட்டி ஆரஞ்சு மரத்துக்குத் தரும் அளவுகளை இந்த எண்ணுக்கு மாற்றினால், சுமார் 700 வரை விளைச்சலில் பாதிப்பில்லை. 1,000-ஐத் தொடும்போது பத்தில் ஒரு பங்கு குறையும். 2,000 என்றால் பாதி போய்விடும். இது தரையில் நிற்கும் மரத்துக்கான கணக்கு. எலுமிச்சையும் அதே குடும்பம், கிட்டத்தட்ட அதே குணம்.

தொட்டியில் நிலைமை இன்னும் மோசம். 1,500 டி.டி.எஸ். உள்ள தண்ணீரை வெயில் காலத்தில் தினம் இரண்டு லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 3 கிராம். நூறு நாளில் 300 கிராம். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், இலை வழியாகவும் போய்விடும். உப்பு எங்கேயும் போகாது. நாற்பது லிட்டர் தொட்டி மண்ணில் கால் கிலோவுக்கு மேல் உப்பைக் கொட்டிக் கிளறினால் எந்தச் செடி நிற்கும்? தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது இந்த உப்புதான்.

அப்போ எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

ஒன்றை உடனே நிறுத்துங்கள்: ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீர். 'வீணாக்காதீங்க, செடிக்கு ஊத்துங்க' என்ற டிப்ஸ் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் மெஷின் செய்வது என்ன? குடிக்கும் பாதியிலிருந்து உப்பைப் பிரித்து மீதிப் பாதியில் சேர்க்கிறது. உள்ளே போவது 800 என்றால், பாதிக்குப் பாதி பிரியும் மெஷினில் வெளியே வருவது 1,500-ஐ நெருங்கும். அது பாத்ரூம் கழுவ நல்ல தண்ணீர். எலுமிச்சைக்கு மெதுவான விஷம்.

நல்ல தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது. ஏசி அவுட்டோர் பக்கம் சொட்டிக்கொண்டிருக்கிறதே, அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது. அதில் உப்பே கிடையாது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் இரவு முழுக்க ஓடும் ஒரு பெட்ரூம் ஏசி ஒரு வாளியை நிரப்பும். மே மாதத்தில் ஏசியும் அதிகம் ஓடும், செடிக்கும் அதிகம் வேண்டும். இப்படி ஒரு பொருத்தம் வேறு எங்கும் அமையாது. அதில் சத்தும் இருக்காது என்பதால் உரத்தை மறக்கக் கூடாது. வாளியைத் துணியால் மூடி வையுங்கள், டெங்கு கொசு குடியேறிவிடும்.

மழைநீர் அதைவிட மேல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொட்டிக்குக் கூரை போடாதீர்கள். அந்த மூன்று மாத மழைதான் கோடையில் சேர்ந்த உப்பைக் கழுவி வெளியேற்றும். டிரம்மில் பிடிப்பதாக இருந்தால் முதல் இரண்டு மழையை விட்டுவிடுங்கள். மாடியில் படிந்திருக்கும் தூசியும் சாம்பலும் அதில்தான் வரும்.

மெட்ரோ வாட்டர்? பெரும்பாலும் போர் தண்ணீரைவிட நல்லது. ஆனால் வடசென்னைக்கு மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் மீஞ்சூர் கடல்நீர் குடிநீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. இந்தப் பகுதிக் குழாய்களில் வருவதில் அதன் பங்கு உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு நாலரை மில்லிகிராம் அளவில் போரான் என்ற தனிமம் இருக்கிறது. சோடியத்தையும் குளோரைடையும் வடிகட்டும் சவ்வு போரானை அவ்வளவு சுத்தமாகத் தடுக்காது. மனிதர்களுக்கு இதில் பயமில்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் 2.4 மில்லிகிராம் வரை ஏற்கிறது. எலுமிச்சைக் குடும்பம் அப்படியில்லை. அரை மில்லிகிராமைத் தாண்டினாலே முகம் சுளிக்க ஆரம்பிக்கும். இஸ்ரேலில் அஷ்கெலான் நிலையம் 2005-ல் திறக்கப்பட்ட பிறகு, குடிக்க அருமையான அந்தத் தண்ணீரைப் பாசனத்துக்கு விட்டபோது இந்தப் போரான் பிரச்சினையும், மெக்னீசியம் இல்லாத பிரச்சினையும் சேர்ந்தே வெளியே வந்தன. பிறகு போரானைக் கூடுதலாக நீக்கும் ஏற்பாடுகள் அங்கே வந்தன.

டி.டி.எஸ். மீட்டர் போரானைக் காட்டாது. இலைதான் காட்டும்: முற்றிய இலைகளின் நுனி மஞ்சளாகி, அந்த மஞ்சள் திட்டுத்திட்டாக நடுவை நோக்கி நகரும். இளம் இலை பச்சையாகவே இருக்கும். அப்படிக் கண்டால் குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி ஏசி நீரோ மழைநீரோ கலந்து ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை ஒரு லிட்டருக்கு ஐந்து கிராம் எப்சம் உப்பு கரைத்து இலையில் தெளித்தால் மெக்னீசியம் கிடைத்துவிடும். பெயரில்தான் உப்பு, இது மெக்னீசியம் சல்பேட், பயப்பட வேண்டாம்.

எந்தத் தண்ணீர் ஆனாலும் ஊற்றும் முறை முக்கியம். தினம் ஒரு மக்கு, மேலாக நனைகிற மாதிரி, என்பது உப்பு சேர்க்கும் முறை. மேல் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு, அடியில் ஒழுகி வரும் வரை ஊற்றுங்கள். ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்காவது வெளியேற வேண்டும். அடியில் தட்டு வைத்திருந்தால் அந்த நீரைக் கொட்டிவிடுங்கள், செடி அதைத் திரும்பக் குடிக்கக் கூடாது.

இன்னொரு பிரபலமான டிப்ஸும் இங்கே வேலைக்காகாது. 'மூன்று வாரம் தண்ணீர் நிறுத்து, வாடவிடு, பிறகு ஊற்று, பூவாகப் பூக்கும்' என்பார்கள். புளியங்குடிப் பக்கத்துத் தோப்பில் ஆழமாக வேர்விட்ட மரத்துக்கு அது சரிப்படலாம். உப்பு சேர்ந்த தொட்டியில் ஈரம் குறையக் குறைய மிச்ச ஈரத்தில் உப்பின் அடர்த்தி ஏறும். பூ வருவதற்குள் வேர் வெந்துவிடும்.

சரி, எந்தக் கன்று வாங்கலாம்?

என் தேர்வு: நாட்டு எலுமிச்சையில் பதியன் கன்று, அல்லது ரங்கப்பூர் லைம் வேரில் ஒட்டிய கன்று. குட்டையாக்கும் வேலையைத் தொட்டிக்கும் கத்தரிக்கும் விட்டுவிடுங்கள்.

பதியன் என்பது தாய் மரத்தின் கிளையிலேயே பட்டையைச் சீவி, ஈரப் பாசி கட்டி, வேர் விட்ட பிறகு வெட்டி எடுப்பது. ஆணிவேர் இருக்காது, அதனால் தொட்டிக்கு ஏற்றது. காற்றடிக்கும் மாடியில் மட்டும் ஆரம்பத்தில் ஒரு குச்சி கட்ட வேண்டும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் காய்க்கும். விதைக் கன்றுக்கு நாலைந்து வருடம் காத்திருக்க வேண்டும், முள்ளும் அதிகம். எலுமிச்சை விதை பெரும்பாலும் தாயை உரித்துவைத்த மாதிரிதான் முளைக்கும் என்பதால் தரத்தில் குறையில்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்கு நாலு வருடம் ரொம்ப நீளம், அவ்வளவுதான்.

ரங்கப்பூர் லைம் என்பது பெயரில்தான் லைம். பழம் ஆரஞ்சு நிறத்தில் புளிப்பாக இருக்கும். குளோரைடைத் தடுப்பதில் வேர்ச்செடிகளிலேயே முன்வரிசை. இந்தியாவில் புதிதில்லை, ஆரஞ்சு நர்சரிகளில் பழக்கமான வேர்தான். நர்சரியில் 'அடி எந்தச் செடி?' என்று கேளுங்கள். பதில் தெரிந்தவரிடம் வாங்குங்கள். ஒட்டுக்குக் கீழே ஏதாவது துளிர் இருந்தால் அதன் இலையைப் பாருங்கள். ஒரே காம்பில் மூன்று இலைகளாக இருந்தால் அடியில் மூவிலை ஆரஞ்சோ அதன் கலப்போ இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

ரகத்தில், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.-1 தமிழ்நாட்டுக்கு நன்கு பழகியது. தென்காசி மாவட்டத்துக் கடையம் வகையிலிருந்து தேர்ந்தெடுத்தது அது. ஒரு வேடிக்கை: சென்னை நர்சரிகளுக்கு ஏராளமான செடிகள் வருவது ஆந்திராவின் கடியத்திலிருந்து. 'கடியம் எலுமிச்சை' என்று சொன்னால் கடையம் ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ரகத்தின் பெயரல்ல, லாரி ஏறிய ஊர்.

விதையில்லாத தஹிதி லைமும் மோசமில்லை. முள் குறைவு, பழம் பெரிது, சொறி நோயை நாட்டு எலுமிச்சையைவிட நன்றாகத் தாங்கும். சின்னக் குழந்தைகள் உள்ள பால்கனிக்கு அதுதான் சரி. ஜூஸுக்கும் ரசத்துக்கும் போதும். ஊறுகாய்க்கு நாட்டு எலுமிச்சையின் மணம் வராது என்பது என் கட்சி.

பழத்தோடு இருக்கும் கன்றைப் பார்த்து மயங்க வேண்டாம். சின்னக் கன்றில் நாலு பழம் தொங்கினால் அதன் வேர் வளர வேண்டிய சக்தி பழத்துக்குப் போகிறது. வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் பழத்தைப் பறித்துவிடுங்கள், மனசு கேட்காது, இருந்தாலும். பையை லேசாக விலக்கி வேர் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பூங்கா இருக்கிறது. மூலக்கடை பக்கம் போகும் நாளில் அங்கேயும் ஒரு நடை விசாரிக்கலாம்.

மண்ணை எங்கிருந்து எடுப்பது?

காலி மனையிலிருந்தும் கால்வாய் ஓரத்திலிருந்தும் எடுக்கவே கூடாது. இது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் எண்ணூர் கழிமுகத்தில் படிந்த கதை எல்லோருக்கும் தெரியும். நிலக்கரிச் சாம்பலில் போரானும் இருக்கிறது, உலோகங்களும் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கலந்து எர்ணாவூர், எண்ணூர் வீடுகளுக்குள்ளேயே வந்தது. சுவரில் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வெள்ளம் நின்ற இடத்து மண் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

செம்மண், மக்கிய உரம், கோகோபீட் மூன்றையும் சம பங்காகக் கலந்து, அதில் ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. இது போதும். ஒரே ஒரு விஷயம்: கோகோபீட் செங்கல்லை ஊறவைத்த முதல் தண்ணீரை மீட்டரில் பாருங்கள். தென்னை நார் உப்பைப் பிடித்துவைத்திருக்கும். கழுவாத பீட்டில் ஆயிரக்கணக்கில் காட்டும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகு கலக்குங்கள்.

தொட்டி 40 லிட்டர் அளவு, அல்லது 18 அங்குல க்ரோ பேக். முதல் வருடமே இவ்வளவு பெரியது வேண்டாம், 12 அங்குலத்தில் ஆரம்பித்து மாற்றலாம். நனைந்த மண்ணோடு பெரிய தொட்டி ஐம்பது, அறுபது கிலோ கனக்கும். மாடியில் நடுத்தளத்தில் வைக்காமல் சுவர் ஓரமாக, பீம் மேலே வைக்க வேண்டும். செங்கல் மேல் தூக்கி வைத்தால் தளம் ஓதம் காக்காது, ஓனரும் சத்தம் போட மாட்டார்.

கடல் காற்றும் தூசியும்

எலுமிச்சைக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். அதற்காக எண்ணூர் விரைவுச் சாலையைப் பார்த்த, அலைத் துளி வந்து விழும் கிழக்கு பால்கனியில் வைத்தால் இலை மேலிருந்தும் உப்பு வாங்கும். தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டுத் தலைப்பு, கைப்பிடிச் சுவர் என்று ஏதாவது ஒன்றை நடுவில் விட்டு, அதன் மேற்குப் பக்கம் வையுங்கள். மே மாதப் பிற்பகல் வெயிலுக்கு மட்டும் ஒரு பச்சை வலை.

துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாண்டதால் ராயபுரம் வீடுகளில் துணி காயப்போட முடியாத காலம் ஒன்று இருந்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அது சென்னைத் துறைமுகத்தில் நின்று, நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு நகர்ந்தது. தெற்கே கொஞ்சம் நிம்மதி, வடக்கே கூடுதல் தூசி. அதோடு கன்டெய்னர் லாரிகள் வேறு. தூசி படிந்த இலைக்கு வெளிச்சம் குறையும், செதில் பூச்சியும் சிலந்திப் பேனும் அதில் சுகமாகக் குடியிருக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் இலையின் இரு பக்கமும் கழுவுங்கள். காலையில் செய்ய வேண்டும். இரவில் இலை ஈரமாக இருந்தால் சொறி நோய்க்கு அழைப்பு வைத்த மாதிரி.

இப்படிப்பட்ட காற்றில் விளைந்த பழத்தைச் சாப்பிடலாமா? வாங்கிய சுத்தமான மண்ணில், நல்ல தண்ணீரில் வளர்ந்தால் சாப்பிடலாம். உலோகங்களை உறிஞ்சிச் சேர்ப்பதில் கீரைதான் மோசம். பழத்துக்குள் அவ்வளவு போவதில்லை. மேலே படிவதுதான் கவலை. பிழிந்து குடிக்க ஒரு கழுவல் போதும். ஊறுகாய்க்குத் தோலோடு போவதால் தேய்த்துக் கழுவி, துடைத்துவிட்டு நறுக்குங்கள்.

உரம்: காசிமேட்டுக்காரர்களுக்கு ஒரு சலுகை

மாடித் தோட்டக்காரர்கள் பெருமையாகப் பேசும் மீன் அமிலத்துக்கு மூலப்பொருள் காசிமேட்டில் கூடை கூடையாகக் கிடைக்கும். மீன் கழிவும் அதே எடை வெல்லமும் கலந்து, மூடி, நாற்பது நாள் நிழலில் வைத்தால் தேன் நிறத்தில் தயார். லிட்டருக்கு ஐந்து மில்லி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கடல் தண்ணீரில் அலசிய கழிவு என்பதால், வெல்லம் சேர்ப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவிவிடுங்கள். கருவாட்டுக் கழிவு வேண்டவே வேண்டாம்.

கடையில் வாங்குவதாக இருந்தால் பொட்டாஷ் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். விலை மலிவான மியூரேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. ஏற்கெனவே குளோரைடில் தவிக்கும் செடிக்கு மேலும் குளோரைடு எதற்கு? சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கேளுங்கள்.

புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், கார நீரால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் முடங்கிவிட்டன என்று அர்த்தம். மண்ணில் கொட்டுவதைவிட இலையில் தெளிப்பது வேகமாக வேலை செய்யும். லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட். மார்ச், ஜூலை, அக்டோபர் என்று மூன்று முறை. இரும்புக்குச் 'செலேட்டட் அயர்ன்' என்று கேட்டால் தருவார்கள்.

பறவை எச்சம் மாதிரி இருக்கும் புழு

இளம் இலையில் பறவை எச்சம் விழுந்த மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் உற்றுப் பாருங்கள், அது நகரும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்தால் பச்சை நிறமாகி, இரண்டே நாளில் கன்றை மொட்டையடித்துவிடும். மருந்து வேண்டாம், கையால் எடுத்தால் போதும். எடுத்ததைக் கொல்ல மனமில்லாதவர்கள் கறிவேப்பிலைச் செடிக்கு மாற்றுவார்கள். அதுவும் அதே குடும்பம் என்பதால் புழுவுக்குக் கவலையில்லை, சாம்பாருக்குத்தான் நஷ்டம்.

துளிர் இலையில் வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடினால் இலைத் துளைப்பான். வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து துளிர்விடும் நேரத்தில் தெளிக்கலாம். அது போட்ட காயம் வழியாகத்தான் சொறி நோய் பாக்டீரியா நுழைகிறது: இலையிலும் காயிலும் சுற்றி மஞ்சள் வளையத்தோடு பழுப்புத் தடிப்பு. நாட்டு எலுமிச்சைக்கு மழைக்காலத்தில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாதித்த குச்சியை வெட்டி, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்துத் தெளியுங்கள். ஆன்டிபயாட்டிக் கலந்து அடிக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் சுற்றுகின்றன. ஒரு தொட்டிச் செடிக்கு அதெல்லாம் தேவையில்லை. சொறி உள்ள பழத்தைச் சாப்பிடுவதில் தப்பில்லை, அழகுதான் குறைவு.

எப்போது வைப்பது, எவ்வளவு கிடைக்கும்?

செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் முதல் வாரம். மூன்று மாத மழை இலவசமாகக் கிடைக்கும், மே வருவதற்குள் வேர் பிடித்துவிடும். புயல் அறிவிப்பு வந்தால் தொட்டியைப் படுக்க வைத்துவிடுங்கள். புயல் ஓய்ந்ததும், உப்புத் துளி பட்ட இலைகளை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

முதல் வருடப் பூவைக் கிள்ளிவிடுங்கள். அதன் பிறகு பூத்து ஐந்தாறு மாதத்தில் பழம். பூத்ததில் பெரும்பகுதி கொட்டிவிடும், மிளகளவு பிஞ்சும் கொட்டும், அது இயல்பு. அறுவடைக்குப் பிறகு உள்நோக்கி வளரும் கிளைகளையும், நடுவிலிருந்து நெட்டையாகக் கிளம்பும் போத்துக் கிளைகளையும் வெட்டி ஐந்தடிக்குள் நிறுத்துங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை செடியை எடுத்து, ஓரத்து வேரைக் கொஞ்சம் சீவி, மண்ணைப் புதுப்பித்து அதே தொட்டியில் வைக்கலாம். சேர்ந்த உப்பும் அத்தோடு போகும்.

காசு மிச்சமாகுமா என்று கேட்டால், 2022 மாதிரி ஒரு கோடை வந்தால் ஒழிய இல்லை. கன்று, தொட்டி, மண், மீட்டர் என்று போட்ட பணத்துக்கு இரண்டு வருடம் எலுமிச்சை வாங்கலாம். விளம்பரத்தில் வரும் நாற்பது பழமும் ஒரே நேரத்தில் வராது. நன்றாக நிற்கும் செடியில் வாரம் இரண்டு மூன்று என்று பறிப்பதே நல்ல விளைச்சல்.

வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு ஒன்று. செடியை டாடா ஏஸில் ஏற்றிவிடலாம், இரண்டு நாள் முன்பே தண்ணீர் நிறுத்தினால் கனமும் குறையும். புது வீட்டைப் பார்க்கப் போகும்போது அந்த மீட்டரைப் பாக்கெட்டில் எடுத்துப் போங்கள். ஓனர் 'நல்ல தண்ணி சார், ஸ்வீட் வாட்டர்' என்பார். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து முக்கிப் பாருங்கள்.